வீட்டுக் காற்று எந்த வழியாக வெளியே போகிறது?

வாசகர் கேள்வி, சிஸ்டர் பதில்

(பதில் சொல்பவர் மும்பையில் வீடு வீடாகச் சென்று பணியாற்றி ஓய்வு பெற்ற பொதுச் சுகாதாரச் செவிலியர்.)

*சிஸ்டர், செம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஜூலை பிறந்தால் போதும், படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிடுகிறது. ஆறு வயதுப் பையனுக்கு ராத்திரியானால் இருமல். பூஞ்சை வராத பெயின்ட் என்று சொல்லி அடித்துக்கொடுத்தார்கள். அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிட்டது. தினமும் சாம்பிராணி போட்டால் ஈரம் போய்விடும் என்கிறார் மாமியார். போடலாமா?*

சாம்பிராணிப் புகை சுவரின் ஈரத்தை எடுக்காது. இருமுகிற குழந்தையின் நெஞ்சில்தான் போய்ச் சேரும். மாமியாரிடம் நயமாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்சம் போடட்டும். பையன் படுக்கிற அறையில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் விஷயமும் அப்படித்தான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே எதை அடித்தாலும் பூஞ்சை அதைத் துளைத்துக்கொண்டு வரும். முதலில் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, பூஞ்சையைத் துடைத்துக் காயவிட்ட இடத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம்.

உள்ளிருந்து வருகிறது என்றால் பெயின்டரைக் கூப்பிட்டுப் பயனில்லை. வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் மேல் சஜ்ஜா (வெயில், மழை மறைக்கிற சிறு தளம்), மழைநீர்க் குழாயின் இணைப்பு, ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டை, இவற்றைப் பார்க்க ஆள் வேண்டும். மழை விட்டு வெயிலடிக்கிற நாட்களிலும் கறை குறையவில்லை, மேற்கூரை ஓரமாகவே இருக்கிறது என்றால் மேல்வீட்டுக் குளியலறையைச் சந்தேகப்படலாம். மகாராஷ்டிரத்தில் சொசைட்டிகளின் (வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டிடத்தை நடத்துகிற கூட்டுறவுச் சங்கங்களின்) மாதிரி விதிகளின்படி மொட்டைமாடி, வெளிச்சுவர், பொதுக் குழாய் வழியாக வருகிற கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. அதனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே கறையைப் படமெடுத்து, தேதி போட்டு, எழுத்தில் கொடுங்கள். பூச்சு வேலையை மட்டும் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, நவம்பருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சுவரில் பூசினால் காசுதான் வீண்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான், அதாவது அறைக் காற்றின் ஈரம்தான் காரணம் என்று தோன்றுகிறது. பீரோவுக்குப் பின்னால் மட்டும் கறுக்கிறது என்கிறீர்கள். அங்கே காற்று ஓட்டமே இல்லை. இந்த ஊர் பிளாட்டுகளில் மழைக்காலம் முழுக்கத் துணி எங்கே காய்கிறது? படுக்கையறைக் கொடியில்தான். ஒரு பக்கெட் துணியில் இருக்கிற தண்ணீர் அத்தனையும் அந்த அறைக் காற்றில்தான் கலக்கிறது. அதோடு சமையல் ஆவி, குளியலறை ஆவி, மூடிய அறையில் மூன்று பேருடைய மூச்சு. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். துணியைக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே, ஜன்னல் பக்கமாகக் காயவையுங்கள். ஜன்னலைத் திறந்தாலே ஈரம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். மும்பை ஜூலையில் வெளியிலேயே அவ்வளவு ஈரம். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுங்கள். ஏசி இருந்தால் ராத்திரி படுக்கும் முன் ‘டிரை’ என்ற பொத்தானைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை அவ்வளவாக வளராது.

இப்போது இருக்கிற பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். பையனை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. ராத்திரி இருமலை, சுவர்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் ‘பழகிவிடும்’ என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். பழகாது. மருந்து நேரே நெஞ்சுக்குப் போகிறது, அளவும் குறைவு. சுவரையும் பாருங்கள், பையனுக்கு மருந்தையும் கொடுங்கள்.

*தாராவியில் ஒரே ரூம், ஒரே ஜன்னல். ஆறு பேர் இருக்கிறோம். மாமனாருக்கு டிபி என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். மருந்து ஆரம்பித்தாயிற்று. தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் தனியாக வைத்துவிட்டேன். சின்னக் குழந்தைக்கு மூன்று வயது. வேறென்ன செய்ய வேண்டும், சிஸ்டர்?*

தங்கச்சி, உங்கள் கடிதத்தைத்தான் நான் முதலில் எடுத்து வைத்தேன். தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டியதே இல்லை. டிபி தட்டால் பரவாது, போர்வையால் பரவாது, தொட்டாலும் பரவாது. காற்றால்தான் பரவுகிறது. அவர் இருமும்போது வருகிற மிக நுண்ணிய துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அதனால் தட்டைப் பழையபடி எல்லோரோடும் வைத்துவிடுங்கள். வயதான காலத்தில் தனித் தட்டில் சோறு போட்டால் அந்த மனுஷனுக்கு மனசு உடைந்துபோகும். மாத்திரை சாப்பிடவே பிடிக்காமல் போகும். அதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இடத்தை மாற்றுங்கள். மாமனார் ஜன்னலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். குழந்தை ஜன்னலிலிருந்து தூரமான மூலையில், தாயோடு படுக்கட்டும். ஒரு டேபிள் ஃபேன் இருந்தால் அதைக் குழந்தை படுக்கும் பக்கத்தில் வைத்து ஜன்னலை நோக்கித் திருப்புங்கள். காற்று உங்களைக் கடந்து, அவரைக் கடந்து, ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும். ஃபேனை ஜன்னலில் வைத்து உள்ளே ஊதவிட்டால் நேர்மாறாக, அவருடைய மூச்சு எல்லோர் மேலும் வரும். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர வெளியே தள்ளாது. ஜன்னலில் கம்பியோடு அட்டையும் பிளாஸ்டிக் தாளும் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கதவும் பகலில் திறந்தே இருக்கட்டும். பகலில் வெளியே உட்கார முடிந்தால் இன்னும் நல்லது, நல்ல வெயில் அந்தக் கிருமியைக் கொல்லும்.

வீட்டில் இருக்கும் மற்ற அத்தனை பேரையும், முக்கியமாக மூன்று வயதுக் குழந்தையை, அதே சுகாதார மையத்துக்கு அழைத்துப் போங்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, வராமல் இருக்கத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். இது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது, காசு கிடையாது. அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். மாமனார் சிகிச்சையில் இருக்கும் வரை சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். அதற்குப் பதிவு செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற டிபியாக இருந்தால், ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டொரு வாரத்திலேயே பரவுகிற தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது இருமல் நிற்கும், பசி எடுக்கும், ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவார்கள். அங்கேதான் நீங்கள் விடாப்பிடியாக நிற்க வேண்டும். டாக்டர் சொன்ன மாதம் வரை ஒரு நாள்கூட விடக்கூடாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1896ல் இந்த ஊரில் பிளேக் வந்தது. அதற்குப் பிறகு 1898ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். நம் ஜனங்கள் நிறையப் பேர் குடியேறிய மாட்டுங்காவும் தாதரும் அதன் திட்டத்தில் உருவானவை. கட்டிடத்துக்குக் கட்டிடம் எவ்வளவு இடைவெளி விட்டால் கீழ் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வரும் என்பதற்கு 63½ பாகை என்று ஒரு கோணக் கணக்கு வைத்திருந்தார்கள். எளிதாகச் சொன்னால், எதிர்க் கட்டிடத்தின் உயரத்தில் பாதியளவாவது நடுவில் இடம் வேண்டும். பிளேக் எலித்தெள்ளால் பரவுகிற நோய், அதை வெளிச்சத்தால் நிறுத்த முடியாது. ஆனால் அந்தக் கணக்கு டிபிக்கு அப்படியே பொருந்துகிறது. கோவண்டி, மான்குர்டு பக்கம் மறுகுடியமர்வுக்காகக் கட்டிய குடியிருப்புகளில் ஐஐடி பம்பாய் நிபுணர்களும் மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2018ல் வெளிவந்தது. கட்டிடங்களுக்கு நடுவே 3 மீட்டர்தான் இடைவெளி. கீழ் மாடிகளில் வெயிலும் காற்றும் குறைவு, அங்கேதான் டிபியும் அதிகம் என்றார்கள். ஏழு மாடி என்றால் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். பழைய கணக்குப்படி பத்து மீட்டருக்கு மேல் இடம் விட்டிருக்க வேண்டும். தாராவியை இடித்துக் கட்டுவதைப் பற்றி இன்றைக்கு எல்லோரும் எத்தனை சதுர அடி என்றுதான் கேட்கிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எழுந்து நின்று, ஜன்னலுக்கு எதிரே எத்தனை மீட்டர் இடைவெளி என்றும் கேளுங்கள். தரைத்தளத்தில் கிடைக்கப்போகிற வீட்டுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.

*டோம்பிவிலியில் வாடகை வீடு. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருக்கிறது. மேலே சின்ன ஜன்னல், குளிருக்காக அதை மூடிவிட்டோம். குளித்துவிட்டு வந்தால் மகளுக்குத் தலை சுற்றுகிறது என்கிறாள். வெந்நீரின் சூட்டினாலா?*

இல்லை. இதைப் படித்த நிமிஷத்திலிருந்து அந்தக் கீசரை யாரும் உள்ளே வைத்துக்கொண்டு குளிக்காதீர்கள். எரிவாயு எரிவதற்குக் காற்று வேண்டும். மூடிய சின்ன அறையில் காற்று குறையக் குறைய அது சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும் இடத்தை அது இருநூறு மடங்குக்கும் அதிகமான பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. தலைசுற்றல், தலைவலி, குமட்டல் எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். அதற்கு அடுத்தது மயக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள்.

கீசரை வெளியே, பால்கனியிலோ திறந்த இடத்திலோ மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் மின்சார கீசர் போடுங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் காயவைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஜன்னலும் கதவும் திறந்த நிலையில் பக்கெட்டில் பிடித்து, கீசரை அணைத்து, காற்று மாறிய பிறகு குளிக்கட்டும். யாராவது உள்ளே பதில் சொல்லவில்லை என்றால் யோசிக்காமல் கதவை உடைத்து வெளியே தூக்குங்கள், 108ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரியில் ‘கேஸ் கீசர்’ என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள். மகளை இன்றைக்கே டாக்டரிடம் காட்டி இதைச் சொல்லுங்கள்.

*முலுண்டில் ரோட்டைப் பார்த்த வீடு. எதிரே கட்டிட வேலை. ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா, அல்லது காற்றைச் சுத்தம் செய்கிற செடிகள் வைத்தால் போதுமா? ராத்திரி கொசுவுக்காகச் சுருள் கொளுத்துகிறோம்.*

கொளுத்துகிற சுருளை அணைத்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம். ஒரு சுருள் முழுக்க எரியும்போது வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில் அதைக் கொளுத்திவிட்டு, ரோட்டுத் தூசிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்வது சரியில்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். ஒரே வேலையில் கொசுவும் நிற்கும், ஜன்னலும் திறந்திருக்கும்.

செடி வையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989ல் நாசா சின்ன மூடிய பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து வந்தது. 2019ல் அந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னல் திறப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வைக்க வேண்டும் என்றார்கள். நாலு தொட்டியால் ஆகாது.

பியூரிஃபையர் வேலை செய்யும், ‘ஹெப்பா’ வடிகட்டி இருந்தால். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வீட்டில் மூச்சுத்தொல்லை உள்ளவர் இருந்தால், அவர் படுக்கிற அறைக்கு மட்டும் வாங்குங்கள். அறையின் அளவுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றுங்கள். அது தூசியைப் பிடிக்கும். ஈரத்தையோ கார்பன் மோனாக்சைடையோ பிடிக்காது.

அதற்கும் முன்னால் சமையலறையைப் பாருங்கள். அப்பளம் பொரிக்கும்போதும் மிளகாய் தாளிக்கும்போதும் வருகிற புகை ரோட்டிலிருந்து வந்ததில்லை. பல வீடுகளில் சிம்னி இருக்கிறது, குழாய் இல்லை. புகையைக் கரியில் வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிற வகை அது. அடுப்பின் சூடும் வாயுவும் அங்கேயே சுற்றும். சுவரில் ஓட்டை போட சொசைட்டி விடாது என்றால், ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, இறக்கிவைத்த பிறகும் பத்து நிமிஷம் ஓடட்டும். ரோட்டு ஜன்னலை காலை நெரிசலிலும் எதிரே வேலை நடக்கும்போதும் மூடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வீசும்போது திறங்கள். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

*தீபாவளிக்குக் கழிவறை கழுவும்போது ஆசிட் ஊற்றி, அதன் மேல் பிளீச்சிங் பவுடரும் போட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. எது ஒத்துக்கொள்ளவில்லை? (வாசகி, காட்கோபர்)*

இரண்டும் சேர்ந்ததுதான். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும். எந்த நாளும் சேர்க்காதீர்கள். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் மற்றொன்று, நடுவில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி விடுங்கள். வேலைக்கு வருகிற அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், அவர்தான் அதிகம் கழுவுகிறார். மறுபடி இப்படி ஆனால் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சு இறுக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம், வந்தால் ஆஸ்பத்திரிதான்.

*மகள் பிரசவத்துக்கு ஆன்டாப் ஹில் வீட்டுக்கு வருகிறாள். மூத்த பேரனின் துணிகளை அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்படியே எடுத்துப் போடலாமா?*

போடாதீர்கள் அம்மா. அந்துருண்டையில் இருப்பது நாப்தலின். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற ஒரு நொதி குறைவாக இருக்கும், வெளியே தெரியாது. அந்தக் குழந்தைக்கு நாப்தலின் பட்ட துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். துணிகளைப் பலமுறை துவைத்து, நாலைந்து நாள் வெயிலில் காற்றாட உலர்த்துங்கள். முகர்ந்தால் வாசனை துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் அந்தத் துணியைக் குழந்தைக்குப் போட வேண்டாம். குழந்தை இருக்கிற அறை பீரோவிலும் உருண்டை வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டிடத்தில் தண்ணீர் வருவது நேரம் பார்த்துத்தான், டிரம்மில் பிடித்து வைக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் மகள் வருவதற்கு முன் கவனியுங்கள். டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து, உள்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பழைய வேட்டித் துணியை மேலே கட்டி மூடுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டையும் அன்றைக்கே கொட்டிவிடுங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.